ஒரே பக்கம் உட்கார்ந்து ஆடும் சதுரங்கம்

என் மாமனாரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ரயில்வேயில் கார்டாக இருந்த காலத்தில், ரன்னிங் ரூமில் ஓய்வு நேரத்தில் ஆடிய சதுரங்க ஆட்டங்களை அதில் குறித்து வைத்திருக்கிறார். ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் போட்ட நான்கு பத்திகள்: தேதி, வெள்ளை, கறுப்பு, வென்றவர். கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்த நோட்டில் என் பெயரும் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாவட்டப் போட்டி வரை ஆடியவள் நான். மருமகள் சதுரங்கம் ஆடுவாள் என்று தெரிந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்த ஆட்டம் ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. நான் ஜெயித்தால் அவர் எதுவும் சொல்லாமல் காய்களைப் பெட்டியில் அடுக்குவார். அன்று ராத்திரி சாப்பாடு கொஞ்சம் இறங்காது. அது தெரிந்து நான் ஒரு குதிரையைத் தெரியாதமாதிரி விட்டுக்கொடுப்பேன். அது அவருக்கும் தெரியும். பிறகு அவர் எனக்கு விட்டுக்கொடுக்கத் தொடங்கினார். ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டே ஆட்டத்தைக் கெடுத்தோம். ஒருநாள் பலகை பரணுக்குப் போய்விட்டது.

அதைக் கீழே இறக்கியது ஒரு தீபாவளி. ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன், முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு கேள்வி போட்டான். “ஒரு ஆட்டம். முதல் நகர்வு, வெள்ளைச் சிப்பாய் இ4. ஐந்தாவது நகர்வில் ஒரு குதிரை ஒரு யானையை வெட்டுகிறது, அதோடு மேட். நடுவில் என்ன நடந்தது?” அவ்வளவுதான் கேள்வி. அப்படி ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வெடி வெடிக்கப் போய்விட்டான்.

மாமா பரணிலிருந்து பலகையை இறக்கச் சொன்னார். எதிரெதிரே உட்கார்ந்தோம். வெள்ளைக் குதிரையை எப்படியெல்லாமோ தாவவிட்டுப் பார்த்தோம். ஐந்து நகர்வில் மேட் வரவே இல்லை. பதினொரு மணிக்கு மாமா திடீரென்று நிமிர்ந்தார். “ஏம்மா, குதிரை யாரோடதுன்னு அவன் சொல்லவே இல்லையே!” என்று எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார். இப்போது இருவர் கண்ணுக்கும் பலகை ஒரே மாதிரி தெரிந்தது. அடுத்த அரைமணியில் வந்துவிட்டது!

இதோ அது. வெள்ளை இ4, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைச் சிப்பாய் எஃப்3, கறுப்புக் குதிரை இ4இல் சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ராணி இ2, குதிரை ஜி3. வெள்ளை ராணி இ7இல் இருக்கும் சிப்பாயை வெட்டி செக் வைக்க, கறுப்பு ராணி அதை வெட்டித் திரும்ப செக் வைக்கிறது. வெள்ளை ராஜா எஃப்2க்கு நகர, குதிரை எச்1இல் யானையை வெட்டுகிறது. மேட்! வெள்ளை ராஜாவைச் சுற்றிப் பாருங்கள். எஃப்1இல் அவருடைய மந்திரி, ஜி1இல் அவருடைய குதிரை, ஜி2இலும் எஃப்3இலும் அவருடைய சிப்பாய்கள். இ வரிசை முழுக்க கறுப்பு ராணியின் கையில். ஜி3ஐ அந்தக் குதிரையே பார்த்துக்கொள்கிறது. (மந்திரி என்று நான் சொல்வது பிஷப்பை. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.)

வெள்ளை தன் ராணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் ராஜாவையே நடக்கவிட்டு, தனக்கு மேட் வரவழைத்துக்கொள்கிறது. அந்த ஆட்டத்தில் எதிரி என்று யாருமே இல்லை. பத்து நகர்வுகளும் ஒரே மனது போட்ட திட்டம் போல இருக்கின்றன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படியும் சதுரங்கம் உண்டா? இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது?

தேடியபோது ஒரு சமுத்திரமே திறந்தது. அதன் முதல் துறைமுகம் ஹெல்ப்மேட்.

விதி மிக எளிது. கறுப்பு முதலில் நகர்த்தும். இருவரும் சேர்ந்து உழைத்து, சொன்ன எண்ணிக்கையில் கறுப்பு ராஜாவுக்கு மேட் வர வைக்க வேண்டும். ‘இரண்டு நகர்வில் ஹெல்ப்மேட்’ என்றால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை: நான்காவதில் மேட். கேட்டதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “இரண்டு பேரும் சேர்ந்தால் இதில் என்ன கஷ்டம்?” நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைப் படிக்கும் நீங்களும் நினைக்கலாம். ஒரு பலகையை எடுத்து நான்கே நான்கு காய்களை வையுங்கள். வெள்ளை ராஜா சி1, வெள்ளைக் குதிரை டி2. கறுப்பு ராஜா ஏ1, கறுப்புச் சிப்பாய் ஏ4. கறுப்பு தொடங்க, இரண்டு நகர்வில் மேட். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நாங்கள் வைக்கும் பயிற்சி இது.

மேட் எப்படி இருக்கும் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். மூலையில் இருக்கும் ராஜாவுக்கு ஏ2 என்ற ஒரு ஜன்னல்தான் மிச்சம். அவருடைய சிப்பாயே அங்கே வந்து அதை அடைத்துவிட்டால், குதிரை பி3க்குத் தாவி மேட் வைக்கும். சிப்பாய்க்கு ஏ2 வர இரண்டு நகர்வு வேண்டும். ஆக, கறுப்பின் வேலை தீர்மானமாகிவிட்டது. இப்போது வெள்ளைக்கு ஒரு சங்கடம். குதிரை ஒரே தாவலில் பி3 போய்விடும். ஆனால் வெள்ளைக்கு இரண்டு நகர்வு இருக்கிறதே! நடுவில் ஒரு நகர்வை எங்கே செலவு செய்வது? குதிரையை நகர்த்தினால், அடுத்த தாவலில் மேட் வைக்கும் இடத்துக்கு அதனால் வர முடியாது. ராஜா டி1க்குப் போனால் பி1, பி2 இரண்டும் திறந்துகொள்ளும். ஒரே ஒரு நகர்வு மிச்சம்: ராஜா சி2. ஒரு படி மேலே ஏறி, அதே இரண்டு கட்டங்களைக் காவல் காத்தபடி, சும்மா நிற்பது! சிப்பாய் ஏ3, ராஜா சி2, சிப்பாய் ஏ2, குதிரை பி3, மேட்.

இதை முதலில் கண்டபோது நான் கை தட்டினேன். பழைய வீடுகளின் ஒடுக்கமான சமையலறையில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கொதிக்கிற குழம்பை இறக்கும்போது மற்றவர் ஒரு அடி நகர்ந்து கொடுப்பார். அந்த ஒரு அடியை எப்போது, எந்தப் பக்கம் நகர்வது என்பதில்தான் சமையல் இருக்கிறது. ஹெல்ப்மேட்டின் உயிரும் அங்கேதான். சண்டை என்றால் எதிரியின் குறுக்கீடு உங்களுக்கு வழி காட்டும்; இவன் இங்கே வந்தால் நான் அங்கே போவேன் என்று யோசிக்கலாம். இங்கே தடுப்பவர் யாருமில்லை. காய்கள் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல், நேரமும் இடமும் அச்சாகப் பொருந்தி வர வேண்டும். அத்தனை சுதந்திரத்திலும் வழி ஒன்றுதான் என்பதைக் காணும்போது மயிர்க்கூச்செறிகிறது!

அதே பயிற்சியில் சிப்பாயை ஏ5இல் வைத்து, மூன்று நகர்வில் மேட் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் சிதறிவிடும். ராஜா சி2 போய் சி1க்குத் திரும்பலாம். டி1 போய்த் திரும்பலாம். குதிரைகூட எஃப்3, டி4 என்று ஊர் சுற்றிவிட்டு வந்து மேட் வைக்கலாம். விடை பல ஆனதும் புதிர் செத்துவிடுகிறது. புதிர் படைப்பவர்கள் இப்படி எதிர்பாராமல் முளைக்கும் விடையை ‘குக்’ என்பார்கள். ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்ததற்கு இந்தக் கதி என்றால், பத்துப் பன்னிரண்டு காய்களை வைத்து, ஐந்தாறு நகர்வுகளை ஒரே வழியில் ஓடவைப்பவர்களின் பொறுமை எப்படிப்பட்டது! ஒரு நல்ல ஹெல்ப்மேட்டைப் பார்க்கும்போது, அதில் நடக்கிற நகர்வுகளுக்குப் பின்னால் நடக்காமல் தடுக்கப்பட்ட ஆயிரம் நகர்வுகள் தெரிய ஆரம்பிக்கும். பலகையின் ஓரத்தில் எதற்கென்றே தெரியாமல் நிற்கும் சிப்பாய் ஒன்று, ஒரு திருட்டு வழியை அடைப்பதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டிருக்கும். அது பிடிபடும்போது, படைத்தவரே வந்து காதில் ரகசியம் சொன்னதுபோல இருக்கும்.

இந்தக் கலைக்கு வயது நூற்று எழுபதுக்கு மேல். 1854 டிசம்பரில் மாக்ஸ் லாங்கே என்ற ஜெர்மானியர் முதல் ஹெல்ப்மேட்டை வெளியிட்டார். கறுப்பு முதலில் நகர்த்துகிற இன்றைய வடிவத்தைத் தந்தவர் அமெரிக்காவின் சாம் லாய்டு, 1860இல், ‘செஸ் மன்த்லி’ இதழில். மூன்று நகர்வுப் புதிர். அதன் விடையை நான் எத்தனை தரம் ஆடிப் பார்த்திருப்பேனோ, கணக்கே இல்லை.

கறுப்பு ராஜா பலகையின் நடுவிலிருந்து எஃப்6க்கு வருகிறார். வெள்ளை யானை ஓடிப்போய் ஏ8 மூலையில் நிற்கிறது. ராஜா ஜி7. இப்போது வெள்ளை மந்திரி பி8க்கு வந்து, தன் யானையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறது! பார்ப்பதற்கு இதைவிட அசட்டு நகர்வு கிடையாது. ஆனால் யானையின் பார்வை எட்டாவது வரிசையில் மறைந்ததால்தான் ராஜாவால் எச்8க்குள் நுழைய முடிகிறது. நுழைந்ததும் மந்திரி இ5க்கு இறங்குகிறது. கதவு திறக்கிறது. யானை வரிசையில் செக், மந்திரி குறுக்கில் செக். இரட்டைச் செக்கில் மேட்! அந்த ராஜா எஃப்6, ஜி7, எச்8 என்று நிதானமாகப் படியேறி, தன் முடிவை நோக்கித் தானே நடக்கிறார். அவர் வருவதற்காக வெள்ளைக் காய்கள் வழியை மூடித் திறக்கின்றன. மூன்றே நகர்வில் ஒரு முழு நாடகம்.

யானை முன்னால் கடந்து போக, மந்திரி பின்னால் வந்து அதன் வழியை மறைத்துப் பிறகு திறக்கும் இந்த உத்திக்கு உலகம் முழுக்க என்ன பெயர் தெரியுமா? ‘இந்தியன்’. 1845இல் ஹோவர்டு ஸ்டாண்டன் நடத்திய இங்கிலாந்துச் சதுரங்க இதழுக்கு இந்தியாவிலிருந்து ஒரு புதிர் போனது. ‘ஷாகிர்த்’, அதாவது மாணவன், என்ற புனைபெயரில் அனுப்பியவர் டெல்லியில் இருந்த பாதிரியார் லவ்டே. சண்டைப் புதிர்தான் அது. ஆனாலும் ஒரு காய் தன் கூட்டாளியின் வழியை வேண்டுமென்றே மறைக்கும் அந்த ஒற்றை யோசனை, புதிர்க் கலையின் போக்கையே மாற்றிவிட்டது. பதினைந்து வருஷம் கழித்து லாய்டின் ஹெல்ப்மேட்டில் அது இன்னும் கனிந்து வந்திருக்கிறது. இதை மாமாவுக்குச் சொன்னபோது, “ரயில்வேலயும் இதேதாம்மா. முன்னால போற வண்டி லூப்ல ஒதுங்கினாத்தான் பின்னால வர்ற வண்டிக்கு வழி” என்றார். கார்டாக வேலை பார்த்தவருக்கு லாய்டு ஒரு நொடியில் விளங்கிவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் ஹெல்ப்மேட் இன்னொரு சிகரம் ஏறியது. ஒரே நிலைக்கு இரண்டு விடைகள். இவை தற்செயலாக முளைத்த ‘குக்’ அல்ல. ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடிக்கும்படி படைத்தவர் நினைத்துச் செய்தவை. ஹங்கேரியர் ஸிலாஹியின் பெயரில் ஒரு கருப்பொருள் இருக்கிறது. முதல் விடையில் கறுப்பு வெள்ளை யானையை வெட்டுகிறது, வெள்ளை மந்திரி மேட் வைக்கிறது. இரண்டாம் விடையில் வெட்டுப்படுவது அந்த மந்திரி, மேட் வைப்பது அந்த யானை! ஒருநாள் நீ எனக்காகப் போ, மறுநாள் நான் உனக்காகப் போகிறேன் என்று இரண்டு காய்கள் பேசிவைத்துக்கொண்டது போல. முதல் விடையைக் கண்டதும் பாதி சந்தோஷம்தான் வரும். இரண்டாவது கிடைத்து, இரண்டும் ஒன்றோடொன்று எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பது தெரியும்போது மனசு நிறைந்துவிடும். நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை வாசிக்க, அதையே தன் மொழியில் தவில்காரர் திருப்பிச் சொல்லும்போது சபையில் ஒரு ‘ஆகா’ எழுமே, அந்த ‘ஆகா’.

இதற்கே இப்படிக் கிறங்கிப்போனவளுக்கு, இரண்டாவது துறைமுகம் காத்திருந்தது: ஃபேரி செஸ். நாங்கள் ‘மாயச் சதுரங்கம்’ என்கிறோம். விதிகளையும் காய்களையும் பலகையையுமே மாற்றிவிடும் புதிர்கள்.

இதன் தந்தை தாமஸ் ரேனர் டாசன் என்ற ஆங்கிலேயர். 1889இல் பிறந்து 1951இல் மறைந்தவர். பிழைப்புக்கு ரப்பர் துறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் இதுதான். மாயச் சதுரங்கத்தில் மட்டும் 5,320 புதிர்கள் படைத்திருக்கிறார். அவருடைய ஐந்து சிறு நூல்களைச் சேர்த்து ‘ஃபைவ் கிளாசிக்ஸ் ஆஃப் ஃபேரி செஸ்’ என்று ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் அதைக் கண்டெடுத்த என் கணவர், தலைப்பில் செஸ் என்று இருந்ததற்காக மட்டும் வாங்கி வந்தார். அட்டை கிழிந்து நான் இரண்டு தரம் பைண்டிங் போட்டுவிட்டேன்.

டாசன் 1913இல் உண்டாக்கிய காய் கிராஸ்ஹாப்பர். எங்கள் வீட்டில் அதற்குத் தத்துக்கிளி என்று பெயர். ராணி போகும் எல்லாத் திசையிலும் போகும். ஆனால் வழியில் ஏதாவது ஒரு காய் இருந்தால்தான் போகும். அதைத் தாண்டி, அதற்கு அடுத்த கட்டத்திலேயே இறங்கும். அவ்வளவுதான் விதி. அச்சில் தலைகீழ் ராணியாகப் போடுவார்கள். நிஜ ராணியைத் தலைகீழாக நிறுத்த முடியாது என்பதால் நாங்கள் பெரிய புளியங்கொட்டையை வைத்துக்கொள்கிறோம்.

இந்த ஒரு சின்ன விதி என்னவெல்லாம் செய்துவிடுகிறது! ஏ1இல் வெள்ளைத் தத்துக்கிளி, ஏ8இல் கறுப்பு ராஜா, நடுவில் எதுவும் இல்லை. செக் கிடையாது. இப்போது எந்தக் காயாவது ஏ7இல் வந்து நிற்கட்டும், உடனே செக்! வழக்கமான ஆட்டத்தில் குறுக்கே வந்து நின்றால் ராஜா தப்பிப்பார். இங்கே குறுக்கே வந்து நிற்பதே ராஜாவுக்கு ஆபத்து. தாண்டுவதற்குப் படியாக நிற்கும் அந்தக் காயை எடுத்துவிட்டாலே செக் போய்விடும். ஐம்பது வருஷம் சதுரங்கம் பார்த்த மாமாவின் கண்கள் அன்று குழந்தையின் கண்களாக விரிந்ததை நான் பார்த்தேன். அதே டாசன் 1925இல் தந்த இன்னொரு காய் நைட்ரைடர்: ஒரு தாவலோடு நிற்காமல் அதே திசையில் தாவித் தாவிப் போய்க்கொண்டே இருக்கும் குதிரை. காலியான பலகையில் ஏ1இலிருந்து கிளம்பினால் பி3, சி5, டி7 என்று நேர்கோடாக ஓடும்.

பிறகு விதி மாற்றங்கள். 1968இல் பிரெஞ்சுக்காரர்கள் மோன்ரியாலும் புவாயேயும் அறிவித்த ‘சர்சே’யில் வெட்டுப்பட்ட காய் சாகாது. தன் பிறந்த கட்டம் காலியாக இருந்தால் அங்கே மறுபிறவி எடுக்கும். வெள்ளை ராணி காவல் எதுவும் இல்லாமல் டி2இல் நிற்கிறது, பக்கத்திலேயே கறுப்பு ராஜா. வெட்டலாமே? முடியாது! வெட்டிய நொடியில் அந்த ராணி டி1இல் பிறந்து ராஜாவுக்குச் செக் வைத்துவிடும். நாதியற்று நிற்கிற ராணிக்கு அவளுடைய மறுபிறவியே காவல். இதற்கு எங்கள் ஊரில் விளக்கவுரை தேவையா?

ஜெர்மனியில் ஆண்டர்நாக் என்ற ஊரில் மாயச் சதுரங்க அன்பர்கள் வருஷா வருஷம் கூடுவார்கள். 1993இல் அங்கே பிறந்த விதிக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள்: வெட்டுகிற காய், வெட்டியதும் எதிரியின் நிறத்துக்கு மாறிவிடும். ராஜாவுக்கு மட்டும் விலக்கு. ஒருவனை வீழ்த்திய கணத்தில் அவன் அணிக்காரனாகவே நீ ஆகிவிடுகிறாய்! இதில் ஒரு ஹெல்ப்மேட்டைத் தீர்த்த இரவு, நானும் மாமாவும் கொஞ்ச நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதன் பெயர் ‘மதராஸி’! 1979இல் அப்துல் ஜப்பார் கர்வட்கர் உண்டாக்கியது. உலகப் புதிர் இதழ்களில் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் இன்றைக்கும் ‘மதராஸி’ என்று எழுதுகிறார்கள் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. விதி இதுதான்: ஒரு காயை அதே இனத்து எதிர்க்காய் தாக்கினால், அது உறைந்துபோகும். நகர முடியாது, வெட்ட முடியாது, செக் வைக்கவும் முடியாது. ராணியும் ராணியும் நேருக்கு நேர் பார்த்தால் இரண்டும் சிலை.

இதன் விளைவு ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெள்ளை யானை உங்கள் ராஜாவுக்குச் செக் வைத்திருக்கிறது. வழக்கமாக மூன்று வழி: ராஜா நகரலாம், குறுக்கே காய் வைக்கலாம், யானையை வெட்டலாம். மதராஸியில் நான்காவது வழி ஒன்று இருக்கிறது. பலகையின் இன்னொரு மூலையிலிருந்து உங்கள் யானை அந்த வெள்ளை யானையைப் பார்க்கிற கட்டத்துக்கு வந்து நின்றால் போதும். பார்வை பட்டதும் அது உறைந்துவிடும். செக் கரைந்துவிடும்! தொடவில்லை, மறைக்கவில்லை, ஒரு பார்வை மட்டும். முதல் தடவை இதைக் கண்டபோது உரக்கக் கத்திவிட்டேன் போலிருக்கிறது, அடுப்படியிலிருந்து மாமியார் ஓடிவந்தார்.

“இதெல்லாம் சதுரங்கமே இல்லை” என்று சிலர் சொல்வார்கள். அவர்களிடம் நான் அன்போடு ஒன்று கேட்பேன். பழைய சதுரங்கத்தில் ராணியின் இடத்தில் இருந்த காய் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகர்ந்தது. இன்றைய மந்திரியின் இடத்தில் இருந்த காய் குறுக்காக இரண்டு கட்டம் தாவியது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் யாரோ துணிந்து விதியை மாற்றியதால்தான் இன்றைய ராணி பலகையை ஆள்கிறாள். நாம் நிஜம் என்று கும்பிடுகிற இந்த ஆட்டமே ஒரு காலத்தில் மாயச் சதுரங்கம்தான். இன்னொன்றும் உண்டு. யானை செக் வைப்பது என்றால் என்ன, காய் குறுக்கே நிற்பது என்றால் என்ன என்பதையெல்லாம் நாம் கேட்டதே இல்லை, பழகிவிட்டோம். தத்துக்கிளியும் மதராஸியும் வந்து அந்தப் பழக்கத்தை உலுக்கியதும்தான், சாதாரண யானையின் அழகே எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

இது நாலு பேருடைய பொழுதுபோக்கும் அல்ல. புதிர் தீர்ப்பதற்கு 1977 முதல் உலக சாம்பியன் போட்டி நடக்கிறது. அதில் ஹெல்ப்மேட்டுக்கென்றே ஒரு தனிச் சுற்று: மூன்று புதிர்கள், ஐம்பது நிமிடம். பலகை ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டரான ஜான் நன் 2004, 2007, 2010 என மூன்று முறை அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறார். புதிரில் ‘குக்’ இருக்கிறதா என்று சோதிக்க ‘பாப்பாய்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தத்துக்கிளி முதல் மதராஸி வரை எல்லாம் அதற்குத் தெரியும். ஒரு நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் நாங்கள் விடை கிடைத்த பிறகுதான் அதைத் திறப்போம். மூன்று நாள் கூடவே வைத்திருந்து, வெங்காயம் நறுக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனதுக்குள் காய் நகர்த்தி, நான்காம் நாள் விடிகாலையில் பளிச்சென்று வருமே, அந்த ஆனந்தத்தை ஒரு நொடிக்கு விற்க யாருக்கு மனசு வரும்?

இன்றும் ராத்திரி ஒன்பது மணிக்கு, செய்திகள் முடிந்ததும், பலகை விரிகிறது. எதிர்ப்புறம் நாற்காலி இல்லை. மாமாவும் நானும் ஒரே பக்கம். கறுப்பை அவர் யோசிப்பார், வெள்ளையை நான் யோசிப்பேன். “நான் இந்த ஜன்னலை அடைச்சிடுறேன், உன் யானை வந்துருமா?” “வரும் மாமா, ஆனா உங்க மந்திரி கொஞ்சம் ஒதுங்கணும்.” “ஒதுங்கிட்டேன், போ.” முன்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து என்ன நினைக்கிறாரோ என்று பயந்து ஆடிய அதே இருவர். இப்போது விட்டுக்கொடுப்பதே ஆட்டத்தின் விதி. அதனால் யாரும் யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை.

அந்த நீள நோட்டு தீர்ந்து, மாமா புது நோட்டு வாங்கிக் கோடு போட்டிருக்கிறார். முதல் பத்தி தேதி. அடுத்து வெள்ளை: அதன் கீழே என் பெயர். அடுத்து கறுப்பு: அவர் பெயர். நான்காவது பத்தியின் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டார். ‘வென்றவர்’ இருந்த இடத்தில் ‘ஆன நேரம்’ என்று எழுதியிருக்கிறார். நேற்றைய வரியில் அங்கே இரண்டு மணி பத்து நிமிடம் என்று இருக்கிறது. ஒரு தத்துக்கிளிக்காக.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பலகை இருக்கும். இறக்குங்கள். சி1, டி2, ஏ1, ஏ4. நான்கு காய்களை வையுங்கள். விடை தெரியாத யாரையாவது கூப்பிட்டு உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். அந்த வெள்ளை ராஜா சி2க்கு ஏறி நிற்கும் நகர்வை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்; அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்கும் நேரத்தில் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.